ஒரு சாண் தள்ளி நின்ற அடி

செம்மணல் மேடான தேரி முடிந்து பனங்காடு தொடங்குகிற இடத்தில் இருக்கும் செம்மணல்விளையில், ஆடி மாதம் அம்மன் கோயில் கொடைவிழா முடிந்த மறுநாள் சாயங்காலம் குத்துவரிசை நடக்கும். அந்தக் குத்துவரிசையில், வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிக்கிற வழக்கம் ஒன்று உண்டு. கோயில் சேகண்டியை, அந்தப் பெரிய வெண்கலத் தட்டை, ஒரு தடவை கட்டையால் தட்டினால் ஆட்டம் முடிந்தது. தட்டிய அந்த நொடியே இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டித் திரும்பி, பின்னால் பார்க்காமல், அவசரப்படாமல், களத்தின் இரண்டு கோடியிலும் வைத்திருக்கிற தண்ணீர்ப் பானை வரைக்கும் நடந்துபோய் ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் குடிக்க வேண்டும். வென்றவனுக்கும் அதுதான், தோற்றவனுக்கும் அதுதான். மற்ற ஊர்களில் முதுகைக் காட்டினால் தோல்வி. இந்த ஊரில் அது ஆட்டத்தின் கடைசி அடவு. நன்றாகக் குத்தத் தெரிந்தவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இத்தனை நேரம் தன்னைக் குத்தியவனைப் பின்னால் விட்டுவிட்டு, தோள் குறுகாமல், குளிக்கப் போகிறவன்போல நடக்கத் தெரிந்தவனுக்குத்தான் பெண்கள் குலவை போடுவார்கள்.

துரைப்பழம் இந்த ஊரில் பெண்ணெடுத்தவன். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சித்திரைக்கனி அண்ணாச்சி நடத்துகிற ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அவன் மாவடிப்பதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். கற்றுக்கொள்கிறவன் மாவை அடிக்கும்போது பாதி அடி மாவுக்குப் போகும், பாதி அடி கீழே இருக்கிற கடப்பாக் கல் மேடைக்குப் போகும். கல் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுப்பதால் முதல் வருடம் முழுக்க உள்ளங்கை வீங்கியே இருக்கும். துரைப்பழத்தின் அடி அப்படியில்லை. அது மாவோடு நின்றுவிடும். அடி விழுந்த இடத்திலிருந்து நாலா பக்கமும் பரவி, மாவின் ஓரம் வரைக்கும் போய், அங்கே தீர்ந்துவிடும். அண்ணாச்சி புது ஆட்களுக்குக் காட்டுவதற்காக மேடையின் மறுகோடியில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பார். துரைப்பழம் ஓங்கி அடிப்பான். மாவு வேட்டி போல விரியும். டம்ளர் தண்ணீரில் ஒரு வளையம் கூட எழாது.

ஆனால் அந்த வேலைக்கு ஒரு விலை இருந்தது. மாவடித்து முடித்ததும் கொத்து பரோட்டா. கொத்து பரோட்டா என்றால் சூடான கல்மேல் இரண்டு இரும்புத் தகடுகளைக் கொண்டு டங்கு டங்கு என்று கொத்திக்கொண்டே இருப்பது. வருடக்கணக்கில் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்றதால், உலோகத்தில் உலோகமோ கட்டையோ பட்டுக் கேட்கிற எந்தச் சத்தத்தையும் அவன் காது உள்ளே விடுவதில்லை. சைக்கிள் மணி, பால்காரர் மூடியைத் தட்டுவது, பள்ளிக்கூட மணி எல்லாமே அவனுக்குக் கடையின் சத்தம்தான். ஜெயக்கொடி வீட்டில் கரண்டியால் தட்டைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டான். வாயைத் திறந்து 'ஏங்க' என்றால்தான் வருவான்.

அந்த வருடம் துரைப்பழத்துக்கு எதிரே இறங்கியவன் அவனுடைய மச்சான், ஜெயக்கொடியின் அண்ணன் லிங்கபாண்டி. ஆட்டோ ஓட்டுகிறவன், வாய் நீளம், கால் அதைவிட வேகம். ஆட்டம் தொடங்கினதிலிருந்து அவன் ஒரு குத்தைக்கூட வாங்காமல் நழுவிக்கொண்டே, "மைதா மாவு வருது, வழி விடுங்கவே. மேல ஒட்டிரப் போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஊர் சிரித்தது. ஜெயக்கொடியும் சிரித்தாள். துரைப்பழமும் முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பதை நிறுத்தினான்.

சேகண்டி ஒலித்தது. லிங்கபாண்டி திரும்பினான். துரைப்பழத்தின் வலது கை அப்போது இடுப்பிலிருந்து கிளம்பியிருந்தது. கடைசி விலா முடிகிற இடத்துக்கும் வேட்டி மடிப்புக்கும் நடுவே, முதுகின் வலப்பக்கத்தில், வெறும் வியர்வை மட்டும் மூடியிருந்த இடத்தை நோக்கி அது போனது. கூட்டத்திலிருந்து ஜெயக்கொடி "ஏங்க" என்றாள்.

கை நின்றது. அடி நிற்கவில்லை. கையை விட்டுக் கிளம்பிவிட்ட அடி, மச்சானின் முதுகுக்கு ஒரு சாண் தூரம் வரைக்கும் போய், அங்கே தொங்கியது.

அது ஒரு தேங்காய் அளவுக்கு இருந்தது. நிறம் இல்லை. வெயிலில் காய்ந்த தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளியுமே, அதுபோல நெளிந்தது. களத்துச் செம்புழுதி அதைச் சுற்றி ஒரு வளையம் போட்டது. லிங்கபாண்டி பானைக்கு நடந்தான், அடியும் பின்னால் நடந்தது. அவன் குனிந்து தண்ணீர் மொண்டான், அடியும் தாழ்ந்தது. குடித்துவிட்டுத் திரும்பினான், அடி அவனைச் சுற்றிக்கொண்டு மறுபடி முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. எல்லோரும் தன் முதுகையே பார்ப்பதைக் கண்டு, "என்னவே, வேட்டி கிழிஞ்சிருக்கா?" என்று கேட்டான்.

வருடா வருடம் முதலுதவிப் பெட்டியோடு வந்து முன்வரிசையில் உட்காருகிற டாக்டர் மெர்சி எழுந்து வந்து, அடியைத் தொட்டுப் பார்த்தார். காற்றடைத்த பந்தை அழுத்துவதுபோல் இருந்தது. பிறகு பேனாவை எடுத்து லிங்கபாண்டியின் முதுகிலேயே, அடி பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், ஒரு அவரை விதையைப் பெரிதாக வரைந்தார்.

"இது என்ன டாக்டரம்மா?"

"உன்னோட சிறுநீரகம். இதைத்தான் அது குறி வச்சிருக்கு. கேளு லிங்கம். வயித்துல அடி வரும்போது கண்ணு முன்னாலயே பாத்துருது, வயிறு தானா இறுகிக்கிடுது. முதுகுக்குக் கண்ணு கிடையாது. இறுகுறதுக்கு அதுக்கு நேரம் கிடைக்காது. இந்தக் கடைசி ரெண்டு விலாவும் முன்பக்கம் வந்து சேராம சும்மா பாதியில நிக்கிற எலும்பு. அது ஒடஞ்சா உள்ள குத்தும். அதுக்குக் கீழ சிறுநீரகத்துக்குப் பெரிய மறைப்பு கிடையாது. வேகமா ஒண்ணு பட்டா கிழிஞ்சிரும், மூத்திரத்துல ரத்தமாப் போவும். ரெண்டு விரல் இந்தப் பக்கம் தள்ளிப் பட்டா நடு எலும்பு. அதுல பட்டா காலுக்கு ஆபத்து."

"படலேன்னா?"

"படலேன்னா ஒண்ணுமில்ல."

"அப்ப ஒரு டீ குடிக்கலாமா?"

"குடி. சாஞ்சு மட்டும் உக்காராத."

அவன் போய் டீ குடித்தான். அதற்குள் அடுத்த ஜோடியைக் களத்தில் இறக்கிவிட்டார்கள், ஏனென்றால் இருட்டுவதற்குள் ஆட்டத்தை முடித்தாக வேண்டும்.

மறுநாள் முதல் அந்த அடி ஊரின் நடப்புகளில் ஒன்றாகிவிட்டது. லிங்கபாண்டியின் ஆட்டோவில் ஓட்டுநர் சீட்டின் சாய்மானத்தில் தேங்காய் அளவுக்கு ஓர் ஓட்டை வெட்டிக் கொடுத்தார்கள். அவன் மணவறை மாப்பிள்ளைபோல விறைப்பாக உட்கார்ந்து ஓட்டினான், அடி ஓட்டைக்குள் உட்கார்ந்து வந்தது. அது ஓயாமல் நெளிந்துகொண்டிருந்ததால் பின்சீட்டுக்கு மெல்லிய காற்று வந்தது. ஆவணி வெயிலில் சந்தைக்குப் போகிற பெண்கள் மற்ற ஆட்டோக்களை விட்டுவிட்டு அவன் ஆட்டோவுக்கே காத்திருந்தார்கள். ரேஷன் கடை வரிசையில் அவனுக்குப் பின்னால் நிற்க நீ முந்தி நான் முந்தி என்று போட்டி; அங்கே நின்றால் முன்னால் இடிபடாமல் மூச்சு விட ஒரு சாண் இடம் இருக்கும். நகரப் பேருந்தில் ஏறினால் கண்டக்டர், "பின்னால நிக்கிறவரு யாருங்க, படியில நிக்காம உள்ள போங்க" என்று தினமும் அதே வேடிக்கையைச் சொல்வார், ஊரும் தினமும் அதே மாதிரி சிரிக்கும். மழைக்கு முந்தின நாட்களில் தட்டான்கள் வந்து அந்த நெளிவின்மேல் உட்காரப் பார்த்து, உட்கார முடியாமல், பறக்கவும் மனமில்லாமல் அங்கேயே நின்று சிறகடித்தன. குப்புறப் படுத்துத் தூங்கப் பழகியதில் அவனுடைய குறட்டை நின்றது என்று அவன் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

ஆட்டோ நிறுத்தத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். அடி யாருடையது என்பதுதான் கேள்வி.

"அடிச்சது துரைப்பழம். அப்ப அது அவரு அடிதான்."

"அவரு கையை விட்டுப் போயாச்சேவே. எறிஞ்ச கல்லை எறிஞ்சவன் மடியிலயா கட்டி வச்சிருக்கான்?"

"லிங்கம் மேல இன்னும் படலையே. படாத அடி எப்படி அவனுக்குச் சொந்தமாவும்?"

வெகுநேரம் பேசி, குளத்தைப்போல, கோயில் சேகண்டியைப்போல, அடியும் ஊருக்குப் பொது என்று முடிவு செய்தார்கள். லிங்கபாண்டி எழுந்து, "பொதுன்னா ஆளுக்கு ஒரு வாரம் முதுகுல வச்சுக்கிடுங்க" என்றான். கூட்டம் அதோடு கலைந்தது. ஆனாலும் பொது என்று ஆகிவிட்டதால் எல்லோருக்கும் அதில் பொறுப்பு வந்துவிட்டது. யார் யாருக்குப் பின்னால் போனாலும் "பின்னால வாரேன்" என்று சொல்லிக்கொண்டு போகிற பழக்கம் அப்போதுதான் தொடங்கியது. தண்ணீர்க் குழாயடியில், கோயில் பிரகாரத்தில், பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசையில், "பின்னால வாரேன், பின்னால வாரேன்" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மெனக்கெட்டுப் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை ஊரில் ஒருவருக்கும் இல்லாமல் போனது.

துரைப்பழத்தின் கையில் இப்போது அடி இல்லை. வலது கை இறகுபோல் ஆகிவிட்டது. கதவைத் தட்டினால் சத்தம் வராது. கொசுவை அடித்தால் கொசு சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் பறக்கும். மாவை அடித்தால் மாவு அப்படியே கிடக்கும். முதல் நாள் அவன் போட்ட பரோட்டாவைப் பிய்த்துப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "அடைன்னு சொல்லிக் குடுத்திருந்தா நல்லாருக்குன்னு சொல்லிருப்பேன்" என்றார். சித்திரைக்கனி அண்ணாச்சி அவனைச் சால்னா அடுப்புக்கு மாற்றினார். ஓட்டல் பலகையில் 'பரோட்டா' என்ற எழுத்தின்மேல் ஒரு துணி தொங்கியது. ஊர்க்காரர்கள் இட்லிக்குச் சால்னா ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு பொறுமையாக இருந்தார்கள்.

ஆனால் அந்தக் கையால் வேறு ஒன்று முடிந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று பல் முளைக்கிற வேதனையில் நாளெல்லாம் அழுதுகொண்டிருந்தபோது, துரைப்பழம் சும்மா வாங்கித் தோளில் போட்டு முதுகில் தட்டினான். குழந்தை தூங்கிவிட்டது. அடுத்த நாள் இன்னொரு குழந்தை வந்தது. பிறகு மத்தியான வேளைகளில் அவன் வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடக்க ஆரம்பித்தன. சுத்தமாக அடி இல்லாத கை எவ்வளவு நல்ல கை என்று தாய்மார்கள் பேசிக்கொண்டார்கள். துரைப்பழத்துக்கும் அது பிடித்திருந்தது. சில நாட்களில், இந்தக் கை இப்படியே இருந்துவிட்டால்தான் என்ன என்று அவனுக்குத் தோன்றும். அப்போதெல்லாம் தோளில் கிடக்கிற குழந்தையின் குட்டி முதுகில், கடைசி விலாவுக்குக் கீழே இருக்கிற மெத்தென்ற இடத்தில் அவன் விரல் போய் நின்றுவிடும்.

லிங்கபாண்டி கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. முன்பெல்லாம் வந்து எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்காருவான். இப்போது துரைப்பழம் நிற்கிற அடுப்புக்கு நேர் எதிரே, அவன் கையைப் பார்த்தபடி உட்கார்ந்தான். அவனிடம் நேரடியாகப் பேசுவதில்லை. தங்கச்சியிடம் சொல்லியனுப்புவான்.

"ஏட்டி ஜெயம், உன் மாப்ளகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. சேகண்டி கேட்டுதா, கேக்கலையா?"

ஜெயக்கொடி வீட்டுக்கு வந்து கேட்பாள். துரைப்பழம் வெகுநேரம் யோசிப்பான். அந்த நொடியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பான். அதில் புழுதி இருந்தது, சிரிப்பு இருந்தது, மைதா மாவு என்ற சொல் இருந்தது, ஏதோ ஒரு டங்கும் இருந்தது. அது எந்த டங்கு என்றுதான் தெரியவில்லை.

"கேக்கலைன்னு சொல்லிரவா?" என்பாள் ஜெயக்கொடி. "அண்ணனுக்கு ஆறுதலா இருக்கும்."

"தெரியாததை எப்படிட்டி சொல்ல?"

அவள் அண்ணனிடம் போய், "அவரு யோசிக்காரு" என்பாள். "மூணு மாசமாவா யோசிக்காரு?" என்பான் லிங்கபாண்டி. இப்படியே அந்தக் கேள்வி இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது.

கார்த்திகையில் டாக்டர் மெர்சி, வழக்கம்போல அடிக்கும் முதுகுக்கும் நடுவே கையை வைத்து அளந்தார். ஒரு சாண் இல்லை. நாலு விரல்தான் இருந்தது. தன் விரல்களைத் தானே சந்தேகப்பட்டு, ஜெயக்கொடியைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். நாலு விரல்தான். மார்கழியில் சட்டையின் முதுகுப்பக்கம் காற்றில்லாமலே படபடத்தது. அப்போது இரண்டு விரல்.

"வந்துக்கிட்டுதான் இருக்கு. வேகம் மட்டும்தான் கொறைச்சல். பலம் கொறையலை" என்றார் டாக்டர்.

ஊர் தன்னாலானதைச் செய்து பார்த்தது. தலையணை வைத்தார்கள், பூசணிக்காய் வைத்தார்கள், ஆட்டோ டயரைக் குறுக்கே வெட்டிக் கட்டினார்கள். எதை வைத்தாலும் அது பக்கவாட்டில் வழுக்கி விழுந்தது. துரைப்பழமே போய்த் தன் முதுகைக் குறுக்கே கொடுத்துப் பார்த்தான். வாழைத்தோலை மிதித்தவன்போலச் சறுக்கித் தெருவில் உட்கார்ந்தான். லிங்கபாண்டி முதன்முறையாக அவனைப் பார்த்து நேரடியாக ஒரு வார்த்தை சொன்னான். "எந்திரும்வே, வண்டி வருது."

அதற்குப் பிறகு லிங்கபாண்டி வேடிக்கை பேசுவது குறைந்தது. கண்டக்டர் பழைய வேடிக்கையைச் சொல்லவில்லை. லிங்கபாண்டியின் மனைவி அவன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு விரலை அந்த இடுக்கில் வைத்தபடியே கண்ணயர்ந்தாள்.

தை பிறப்பதற்கு முந்தின வாரம், துரைப்பழம் மத்தியானக் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தான். மேடையில் சப்பாத்திக்குப் பிசைந்த மாவு ஒரு ஈரத்துணிக்கு அடியில் கிடந்தது. அண்ணாச்சி தண்ணீர் டம்ளரை மேடையின் கோடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். துரைப்பழம் மாவைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான். இத்தனை வருடமும் தன் அடியை நாள் முழுக்க வாங்கிக்கொண்டும் நோகாமல் கிடந்தது எது, அதற்குக் கீழே கிடந்தும் அடி படாமல் இருந்தது எது என்று அவன் மனசுக்குள் கேட்டுக்கொண்டான். பிறகு கையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு நடந்து, ஜெயக்கொடியிடம் சொன்னான். அவள் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

"முதுகுல மாவை அப்பணுமா?" என்றான் லிங்கபாண்டி.

"ஆமாண்ணே. நல்லா எண்ணெயில ஊறுன மாவு. அது பூசணிக்கா மாதிரி வழுக்காது, தோலோட தோலா ஒட்டிக்கிடும். அப்புறம் இவரு கையை அந்த அடிக்குப் பின்னால வச்சு, நின்ன எடத்துலேருந்து அடிச்சு முடிச்சிருவாரு. அடி மாவோட போயிரும். உனக்கு வராது."

"இவரு எனக்குப் பின்னால நிக்கணும்."

"ஆமா."

"நான் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கணும்."

"ஆமாண்ணே."

"ஒரு தடவை காட்டுனேன் பிள்ள. அதுக்கே இந்தப் பாடு." அவன் எழுந்து முற்றத்தில் நடந்தான். சட்டை படபடத்தது. "மொதல்ல வேற எதுலயாவது அடிச்சுக் காட்டச் சொல்லு. டம்ளர்ல தண்ணி வச்சு."

"எப்படிண்ணே காட்டுவாரு? அவரு அடிதான் உன்கிட்டல்லா இருக்கு."

லிங்கபாண்டி நின்றான். ஊரில் டம்ளரைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், அவனே பார்த்திருந்தான். ஆனால் பார்த்தது மாவடிக்கிற மேடையின் மேல். இது முதுகு. பார்க்க முடியாத பக்கத்தில் நடக்கப் போகிற ஒன்றை, எப்போதோ பார்த்த ஒன்றை வைத்து நம்ப வேண்டும். அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் டாக்டர் வந்து விரலை வைத்தபோது, ஒரு விரல்தான் உள்ளே போனது.

"சரி, வாரேன்னு சொல்லு" என்றான். "ஆனா சேகண்டி வேணும். ஆட்டம் இன்னும் முடியல, பாதியில நிக்கி. அன்னைக்குச் சேகண்டிக்கு அப்புறம் அடி கெளம்புச்சு. இன்னைக்கு அடி முடிஞ்சப்புறம்தான் சேகண்டி அடிக்கணும். அப்பத்தான் கணக்கு சரியா வரும்."

பொங்கலுக்கு மறுநாள் காலையில், வெயில் ஏறுவதற்கு முன், ஊர் ஓட்டலுக்கு முன்னால் கூடியது. பெண்கள் மாவு பிசைந்திருந்தார்கள். துரைப்பழத்தின் இறகுக் கைக்கு அழுத்திப் பிசைகிற பலம் இல்லாததால், அவன் எண்ணெயின் அளவையும் ஈரத்தின் பதத்தையும் சொல்லச் சொல்ல, ஆள் மாற்றி ஆள் பிசைந்து, விரலை வைத்தால் விரலோடு எழுந்து வருகிற பதத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அது ஒரு தூங்குகிற குழந்தை அளவுக்கு இருந்தது. லிங்கபாண்டி சட்டையைக் கழற்றிவிட்டு, மாவடிக்கிற கடப்பாக் கல் மேடையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றான். டாக்டர் மெர்சி பேனாவால் மறுபடியும் அவரை விதையை வரைந்தார். பெண்கள் மாவை அந்த ஒரு விரல் இடுக்கில் மெல்ல மெல்ல ஊட்டி, முதுகு முழுக்கப் பரப்பினார்கள். மாவு வழுக்கவில்லை. அடி அதன்மேல் சாய்ந்தது, பழகின இடத்துக்கு வந்ததுபோல ஒரு தடவை நெளிந்தது.

அண்ணாச்சி ஒரு டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி, மேடையில் ஊன்றியிருந்த இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்தார். "இதையே பாத்துக்கிட்டு இரு" என்றார்.

துரைப்பழம் தெருவில் நின்றான். அங்கிருந்து வர வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பின்னால வாரேன் மச்சான்" என்றான்.

"வாரும்" என்றான் லிங்கபாண்டி. தோள் மட்டும் சற்றுக் குறுகியது. பிறகு, எல்லோரும் பார்க்க, ஒரு மூச்சு விட்டு அதை இறக்கினான். பெண்கள் பக்கத்தில் யாரோ குலவைக்கு நாக்கை எடுத்து, நேரம் இதுவல்ல என்று அடக்கிக்கொண்டார்கள்.

துரைப்பழம் அடிக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனான். ஆடி மாதம் விட்ட அதே இடத்தில், இறுக மூடிய அதே முஷ்டியாக அது காத்திருந்தது. கை அதற்குள் நுழைந்ததும், வெயிலில் கிடந்த சட்டையைப் போட்டதுபோல் சூடாக இருந்தது. அதில் புழுதியும் சிரிப்பும் மைதா மாவு என்ற சொல்லும் அப்படியே இருந்தன. மாவை முஷ்டியால் அடிக்கிற வழக்கம் கிடையாது. அவன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான். உள்ளங்கை மாவைப் பார்த்துத் திறந்தது. அடித்தான்.

மாவு விரிந்தது. முதுகின் ஓரம் வரைக்கும் விரிந்து, அங்கே நிற்காமல் தோளைத் தாண்டி விரிந்து, காலையில் காயப்போடுகிற வேட்டியைப்போல மேடைக்கு மேலும் அடுப்புக்கு மேலும் விரிந்து, வாசலில் நின்ற ஆட்டோவையும் அதன் ஓட்டைச் சீட்டையும் மூடி, முன்வரிசையில் நின்றவர்களின் தலைமேல் பந்தல்போல எழும்பி, வெயில் அதற்குள் புகுந்து எல்லார் முகத்தையும் வெண்ணெய் நிறமாக்கி, ஆறு மாதமாகத் தேங்கிக் கிடந்த அடியை ஓரம் ஓரமாகக் கொண்டுபோய்த் தீர்த்துவிட்டு, மெதுவாக, மிகவும் மெதுவாக, எல்லோர் மேலும் இறங்கியது.

லிங்கபாண்டி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீரில் வளையம் எழவில்லை.

அப்போது ஜெயக்கொடி, கோயிலிலிருந்து கொண்டுவந்திருந்த சேகண்டியைத் தட்டினாள். இந்தத் தடவை அது துரைப்பழத்தின் காதுக்குள் நேராகப் போனது. அவன் திரும்பினான். லிங்கபாண்டியும் தலைமேல் கிடந்த மாவை விலக்கிக்கொண்டு மறுபக்கம் திரும்பினான். ஒருவன் ஓட்டலின் உள்ளே இருந்த தண்ணீர்ப் பானைக்கும், இன்னொருவன் தெருக்குழாய்க்குமாக, முதுகோடு முதுகாக, பின்னால் பார்க்காமல் நடந்தார்கள். லிங்கபாண்டி குளிக்கப் போகிறவன்போல நடந்தான். பெண்கள் போட்ட குலவையில் பனைமரத்துக் கிளிகள் கிளம்பின.

டாக்டர் மெர்சி முதுகைத் துடைத்துப் பார்த்தார். அவரை விதைக்கு மேலே, ஐந்து விரலும் விரிந்த ஓர் உள்ளங்கைத் தடம், வெட்கப்பட்ட கன்னம்போல லேசாகச் சிவந்திருந்தது. அழுத்தினார். வலியில்லை. ஆனாலும் அவர் டாக்டர். "நாளைக்குக் காலையில மொத மூத்திரத்தைப் பாட்டில்ல புடிச்சுக் கொண்டா" என்றார். மறுநாள் லிங்கபாண்டி கொண்டுவந்தான். அது ஓடைத் தண்ணீர்போல் தெளிவாக இருந்தது.

தலைமேல் இறங்கிய மாவை ஊர் வீணாக்கவில்லை. அவரவர் மேல் கிடந்ததை அவரவர் சுருட்டிக்கொண்டு வந்து அண்ணாச்சியிடம் கொடுத்தார்கள். பலகையிலிருந்து துணியை எடுத்தாயிற்று. துரைப்பழம் அன்று முழுவதும் போட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு பரோட்டாவிலும் எண்ணி முடிக்க முடியாத அளவுக்குப் பொரபொரவென்று அடுக்கு இருந்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கித் தட்டினான். அது முகத்தைச் சுளித்து அழுதது. அவனுக்குச் சற்று வருத்தமாக இருந்தது. தட்டுவதை நிறுத்திவிட்டு, கையைச் சும்மா அதன் முதுகில் வைத்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அது தூங்கியது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு லிங்கபாண்டி கடைக்கு வந்தான். அடுப்புக்கு எதிர்ப் பெஞ்சு காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போய், மாவடிக்கிற மேடைக்கு முதுகைக் காட்டியபடி இருக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் தலைக்குப் பின்னால் துரைப்பழம் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள" என்றான் லிங்கபாண்டி, தட்டைப் பார்த்தபடி. "அன்னைக்குச் சேகண்டி கேட்டுதா, கேக்கலையா?"

பின்னால் அடி நின்றது.

"கேட்டுதுன்னு ஒரு நாள் தோணுது மச்சான். கேக்கலைன்னு ஒரு நாள் தோணுது."

லிங்கபாண்டி ஒரு வாய் பிய்த்துச் சால்னாவில் முக்கிச் சாப்பிட்டான். மெதுவாக மென்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

"சரி, ஏன் நிறுத்திட்டீரு?" என்றான். "இன்னும் ரெண்டு போடும்."